மறுபடி சாரின் மகள்

ஜனவரி 9

காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வழியாகச் செல்லும் பேருந்தின் ஓட்டுநர் அவர்களுக்கு, டிப்போ மேலாளர் மூலமாக.

வணக்கம். நான் ஓட்டுநர் உரிமத் தேர்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். முழங்கால் சிகிச்சைக்காகச் சென்ற மாதத்திலிருந்து தங்கள் பேருந்தில் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறேன். புகார் எழுதுவதற்காகத்தான் முதல் நாள் நோட்டமிட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. பேருந்துகளைப் பற்றிப் புகார் எழுதுவது என் ஓய்வுக்கால வேலை. தங்கள் டிப்போவிலேயே கேட்டுப் பாருங்கள், என் கையெழுத்து தெரியாதவர்கள் குறைவு.

தங்கள் விஷயத்தில் கதை வேறு மாதிரி ஆகிவிட்டது. தேர்வாளர் அமரும் பக்கத்தில் காலடியில் ஒரு கூடுதல் பிரேக் இருக்கும். பழகுபவர் தடுமாறினால் நாம் மிதிக்க வேண்டும். காலமெல்லாம் அதன் மேல் காலை வைத்திருந்த பழக்கத்தில், இன்றும் எந்த வண்டியில் உட்கார்ந்தாலும் என் வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். முழங்கால் போனதே அதனால்தான் என்கிறார் டாக்டர். டாக்ஸிக்காரர் ஒருவர், "சார், தரை பத்திரம்" என்றுகூடச் சொல்லியிருக்கிறார். தங்கள் பேருந்தில் அந்தக் கால் மிதிக்கவில்லை. ஆஸ்பத்திரி வளைவில்கூட மிதிக்கவில்லை. மறுநாள் வேண்டுமென்றே கவனித்தேன். சும்மா கிடந்தது.

வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் போடாமல், நுழையும் முன்பே வேகத்தைக் குறைக்கிறீர்கள். நிறுத்தத்தில் வண்டி நிற்கப்போகும் அந்த நொடியில் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்துகிறீர்கள். நின்றுகொண்டு வருபவர் யாரும் முன்னால் சாய்வதில்லை. இதைச் சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியாது.

குறைகள் இரண்டு. சிக்னலில் நிற்கும்போது நியூட்ரலுக்கு வராமல் கிளட்சை மிதித்துக்கொண்டே நிற்கிறீர்கள். திரும்பி முடித்த பிறகும் சைகை விளக்கை அணைக்க மறக்கிறீர்கள்.

முகத்தை நான் பார்த்ததில்லை. நடு வாசலில் ஏறித் தடுப்புக்குப் பின்னால் உட்காருகிறேன். கண்ணாடியில் கைகள் மட்டுமே தெரியும். பெண் என்பது அதில்தான் தெரிந்தது. தங்களுக்கு உரிமம் வழங்கிய தேர்வாளர் யாராக இருந்தாலும் அவருக்கு என் பாராட்டைத் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற முதுநிலைத் தேர்வாளர்


ஜனவரி 17

ஐயா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மேனேஜர் எல்லாரையும் நிற்கவைத்துச் சத்தமாகப் படித்தார். இந்த டிப்போவுக்கு இப்படி ஒரு கடிதம் வந்ததே இல்லையாம். அதுவும் உங்களிடமிருந்து! டிப்போவில் என்னைத் 'தாலாட்டு' என்று கூப்பிடுவார்கள். என் பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கிப்போய், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டியதும் எழுந்து என்னையே திட்டுவார்கள். உங்கள் கடிதத்துக்குப் பிறகு அந்தப் பெயருக்கு ஒரு மரியாதை வந்திருக்கிறது.

எனக்கு உரிமம் கொடுத்தவருக்குப் பாராட்டைச் சொல்லச் சொன்னீர்கள். சொல்லிவிடுகிறேன், நல்ல மனிதர். ஆனால் அவர் இரண்டாவதாகத் தேர்வு வைத்தவர். முதலில் வைத்தவர் என்னை ஃபெயில் பண்ணினார். அவருக்கு 'மறுபடி சார்' என்று பெயர். யார் எப்படி ஓட்டினாலும் கடைசியில் முகத்தைப் பார்க்காமல் "மறுபடி வா" என்று சொல்லி அனுப்புவார். பாதி ஊர் அவரிடம் மறுபடி மறுபடி போயிருக்கிறது. நான் மட்டும் மறுபடி போகவில்லை.

அந்த மறுபடி சார் நீங்கள். நான் உங்கள் மகள்.

மேனேஜர் படிக்க ஆரம்பித்த மூன்றாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. தேர்வாளராக இருந்துவிட்டு 'நோட்டமிட்டேன்' என்று எழுதுகிற ஆள் உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? இந்த ஊருக்கு நான் மாற்றலாகி வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. அம்மா என்னோடுதான் இருக்கிறாள். கடிதத்தைக் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு, "குறை ரெண்டோட நிறுத்திட்டாரா? உடம்பு கிடம்பு சரியில்லையோ?" என்றாள்.

உங்கள் பாராட்டு கையெழுத்தோடு என்னிடம் இருக்கிறது. கண்ணாடி போட்டு மாட்டலாம் என்றிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓட்டுநர்


ஜனவரி 21

ஓட்டுநர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது.

தாங்கள் யார் என்று தெரியாமல் எழுதினேன். தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். ஆனால் எழுதியது எழுதியதுதான். ஒரு முறை கொடுத்த மதிப்பெண்ணை நான் திருத்தியது கிடையாது. யாரென்று தெரியாமல் கொடுத்த மதிப்பெண் என்பதால் அதில் சந்தேகப்பட எதுவுமில்லை என்பதையும் குறித்துக்கொள்ளவும்.

அதே போலப் பழைய தேர்வின் முடிவிலும் மாற்றமில்லை. அன்று கண்ணாடியைப் பார்க்காமல் வண்டியை எடுத்தீர்கள். ஒரு முறை அல்ல, ஒவ்வொரு முறையும்.

'தாங்கள்' என்று எழுதுவதா, 'நீ' என்று எழுதுவதா என்று பிடிபடாமல் நிறையத் தாளைக் கிழித்துவிட்டேன். இப்போதைக்கு இப்படியே இருக்கட்டும். தங்கள் தாயார் நலமா? என் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சொல்லவும். முழங்கால் மட்டும்தான்.

பதில் எழுத வேண்டும் என்ற கட்டாயமில்லை. பேருந்து நேரத்தில் மாற்றம் இருந்தால் மட்டும் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
ஓ. பெ. முதுநிலைத் தேர்வாளர்


பிப்ரவரி 3

ஐயா அவர்களுக்கு,

பேருந்து நேரத்தில் மாற்றம் எதுவுமில்லை. எட்டு மணிக்கு எட்டு மணிதான். மாறியது நீங்கள்.

இரண்டு வாரமாக என் பஸ் வரும்போதெல்லாம் நிறுத்தத்தில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். நேற்று இரண்டு கதவையும் திறந்து வைத்துக் காத்திருந்தேன். உள்ளே இருந்தவர்கள், "ஏறுங்க பெரியவரே, உங்களுக்காகத்தான் நிக்குது" என்று கத்தினார்கள். நீங்கள் ஒரு பக்கம் புரட்டினீர்கள். பேப்பர் தலைகீழாக இருந்தது, அதையாவது பார்த்திருக்கலாம். பின்னால் வருகிற பஸ்ஸின் டிரைவர் பிரேக் போட்டால் கடைசி சீட்டில் இருப்பவர் முதல் சீட்டுக்கு வந்துவிடுவார். அந்தக் காலை வைத்துக்கொண்டு அதில் போகிறீர்கள். என்ன வீராப்பு இது!

ஃபெயில் பண்ணியதற்காகத்தான் இத்தனை வருடம் முகம் திருப்பிக்கொண்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது. அவ்வளவு அற்பமாக என்னைப் பெற்றிருக்க மாட்டீர்கள்.

அன்றைக்கு எங்கள் ஊரிலேயே தேர்வு அலுவலகம் இருந்தது. அதை விட்டுவிட்டு, அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். உரிமம் வாங்க இல்லை. உங்களைப் பார்க்க. நான் சின்னப் பெண்ணாக இருக்கும்போது அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு வெளியேறினாள். அதற்குப் பிறகு நான் உங்களைப் பார்த்ததே இல்லை. வரிசையில் நிற்கும்போது என்னை அடையாளம் கண்டுபிடிப்பீர்களா என்று எட்டி எட்டிப் பார்த்தேன். காரில் ஏறி உட்கார்ந்தேன். நீங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கையிலிருந்த அட்டையைப் பார்த்துக் கேட்டீர்கள்.

"நமக்குள்ள உறவு ஏதாவது உண்டா?"

பெற்ற அப்பன் கேட்கிற கேள்வியா இது? என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "இல்லை" என்றேன். நீங்களும் "இல்லை" என்று எழுதிக்கொண்டு, "வண்டியை எடு" என்றீர்கள். எடுத்தேன். கண்ணாடியை ஏன் பார்க்கவில்லை தெரியுமா? உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாளைக்காவது பேப்பரை நேராகப் பிடியுங்கள்.

ஓட்டுநர்


பிப்ரவரி 8

உனக்கு,

'நீ' என்றே எழுதுகிறேன். நீ திட்டியிருக்கிற திட்டுக்குத் 'தாங்கள்' பொருந்தவில்லை.

உன் பேருந்தில் ஏறாததற்குக் காரணம் வீராப்பு அல்ல. நடு வாசலில் ஏறினால் ஒளிந்துகொள்கிறேன் என்பாய். முன் வாசலில் ஏறினால் உன்னைப் பார்த்து என்ன சொல்வது என்று தெரியவில்லை. சரி, வீராப்பும் கொஞ்சம் உண்டு.

அந்தக் கேள்வி தேர்வு விதியில் உள்ளது. வண்டி நகரும் முன் எல்லாரிடமும் கேட்க வேண்டும். உறவு உண்டு என்றால் தேர்வாளர் இறங்கிவிட வேண்டும், வேறொருவர் ஏறுவார். இப்போது நான் சொல்லப்போவதைச் சரியாகப் படி. வரிசையில் நீ நிற்பதை ஜன்னல் வழியாகவே பார்த்துவிட்டேன். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. என் அம்மாவின் நெற்றி உனக்கு. என் பக்கத்து மேஜைக்காரருக்குப் போக வேண்டிய உன் விண்ணப்பத்தை நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கேள்வியைக் கேட்கும்போது, நீ "ஆமாம்" என்று சொல்லிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். சொல்லியிருந்தால் அடுத்த நிமிடம் நான் இறங்கியாக வேண்டும். உன் பக்கத்தில் உட்கார எனக்கு வேறு வழி இருக்கவில்லை. நீ "இல்லை" என்றாய். நினைத்தது கிடைத்தது. கிடைத்த கையோடு கன்னத்தில் அறைந்த மாதிரியும் இருந்தது. பெண் நம்மைக் கைகழுவிவிட்டாள் என்று நினைத்தேன்.

தெரிந்தே மீறினேன். என் சர்வீஸ் முழுக்க நான் மீறிய ஒரே விதி அது. அதற்காக வருத்தப்படுகிறேன் என்று எழுதுவேன் என எதிர்பார்க்காதே. இன்னொரு முறை வாய்த்தாலும் மீறுவேன். ஆனால் அதற்கு மேல் பாஸும் போட்டிருந்தால் அந்த உரிமமே பொய்யாகியிருக்கும். பொய்யான உரிமத்தோடு என் பெண் ரோட்டில் போவதை நான் விரும்பவில்லை. தவிர, நீ அன்று சுமாராகத்தான் ஓட்டினாய்.

அப்பா என்று கையெழுத்துப் போட உரிமை இருக்கிறதா தெரியவில்லை. அதனால் இடத்தைக் காலியாக விடுகிறேன்.


பிப்ரவரி 15

காலி இடத்துக்கு,

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்து படித்தேன். படித்துவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே பைக்குள் வைத்தேன். கண்டக்டர் வந்து, "என்னம்மா, யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றார். "இல்லண்ணே, ஒருத்தருக்குப் புத்தி சரியில்ல" என்றேன்.

என் பக்கத்தில் உட்கார வேறு வழியே இருக்கவில்லையா உங்களுக்கு? வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கலாமே! எங்கள் வீட்டில் நாலு நாற்காலி இருந்தது. விதியை மீறத் துணிந்த ஆளுக்குக் கதவைத் தட்டத் துணிவில்லையா?

அம்மா ஏன் போனாள் என்று உங்களுக்குத் தெரியும். சோற்றுக்கு மார்க், மடித்து வைத்த துணிக்கு மார்க், நான் தலை சீவிக்கொள்வதற்கு மார்க். "என்னால தினமும் பரீட்சை எழுத முடியாது" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். அவள் உங்களைத் திட்டி நான் கேட்டதில்லை. "உங்கப்பா கெட்டவர் இல்லடி, அவரால சிரிச்சுக்கிட்டே ஒண்ணைப் பார்க்க முடியாது, அவ்வளவுதான்" என்பாள். அதனால்தான் நான் உங்களைத் தேடி வந்தேன்.

இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை நீங்கள். பள்ளிக்கூடத்தில் "அப்பா எங்க?" என்று கேட்டால், "கார்ல ஊர் ஊராப் போவார்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நானும் எதையும் கேட்டு வாங்குகிறவள் இல்லை. வாடகை வண்டியில் ஆரம்பித்து, சரக்கு வண்டி ஓட்டி, இந்த பஸ்ஸுக்கு வந்து சேர்ந்தது எல்லாம் என் கையாலும் காலாலும்தான். அதில் எனக்கு ஏகப்பட்ட திமிர் உண்டு, அது யாரிடமிருந்து வந்தது என்றும் தெரியும்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நாலு பேர் காதில் விழ, இவள் என் மகள் என்று நீங்கள் ஒரு தடவை சொல்ல வேண்டும். கடிதத்தில் எனக்கு எழுதினால் போதாது. எனக்குத்தான் அது தெரியுமே.

ஓட்டுநர்


பிப்ரவரி 27

உனக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. நாற்காலி விஷயம் இதுதான். கிளம்பும்போது, "கூப்பிட்டா வாங்க" என்றாள் உன் அம்மா. கூப்பிடவில்லை. கூப்பிடாத வீட்டுக்கு நான் போவதில்லை. எழுதிப் பார்க்கும்போது மிகவும் சின்னதாகத் தெரிகிறது, அப்போது மலை மாதிரி இருந்தது.

வேறொரு விஷயம். உங்கள் மேலாளர் முந்தாநாள் தொலைபேசியில் அழைத்தார். புதியவர்களுக்குக் கற்றுத்தர டிப்போவிலிருந்து ஓர் ஓட்டுநரைப் பயிற்றுநராகத் தேர்ந்தெடுக்கப் போகிறார்களாம். தேர்வு நடத்த வெளியாள் வேண்டுமாம். "உங்களை மாதிரி கறாரான ஆள் வந்தா எவனும் குறை சொல்ல முடியாது சார். உங்க லெட்டரைப் பார்த்துத்தான் தோணுச்சு" என்றார். ஓய்வு பெற்ற பிறகு வேலைக்காக யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. மறைக்க மாட்டேன், சந்தோஷமாக இருந்தது. பழைய வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டு மாட்டினேன். வருகிறேன் என்றும் சொல்லிவிட்டேன்.

நேற்றுப் பட்டியல் வந்தது. மூன்று பேர். இரண்டாவது பெயர் உன்னுடையது. முன்னால் உன் அம்மாவின் முதலெழுத்து இருப்பதால் மேலாளருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைக்கிறேன். நான் தேர்வு நடத்துவது உனக்குத் தெரியுமா?

சட்டை இன்னும் மாட்டிய இடத்தில்தான் தொங்குகிறது.


மார்ச் 2

மறுபடி சாருக்கு,

தெரியும். காலையில் நோட்டீஸ் போர்டில் உங்கள் பெயரைப் பார்த்துவிட்டு மற்ற இரண்டு பேரும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். "செத்தோம்! இவர்கிட்டயா? எங்க மாமாவையே மூணு தடவை துரத்தி அடிச்ச ஆளு" என்றார் ஒருவர். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. என்ன ஜென்மமோ நான்!

இந்த டிப்போவில் இதுவரை எந்தப் பெண்ணும் பயிற்றுநராக இருந்ததில்லை. எனக்கு இந்த வேலை வேண்டும். சும்மா இல்லை, ரொம்ப வேண்டும். ஆனால் அதைவிட நீங்கள் இன்னொரு தடவை என் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது பெரிதாக இருக்கிறது. இந்தத் தடவை நான் கண்ணாடியைப் பார்ப்பேன். நீங்கள் என் கையைப் பார்த்துவிட்டு, உங்களுக்குச் சரியென்று பட்டதை எழுதுங்கள். பாஸ் என்றாலும் சரி, "மறுபடி வா" என்றாலும் சரி.

உறவு உண்டா என்று அட்டையைப் பார்த்துக் கேளுங்கள். பழகிய பதிலையே சொல்கிறேன். யாருக்கும் தெரியப்போவதில்லை. இன்னொரு தடவை வாய்த்தாலும் மீறுவேன் என்று எழுதினீர்களே, வாய்த்திருக்கிறது.

அம்மா இதைக் கேட்டுவிட்டு, "வருவார். ஆனா பாஸ் போட மாட்டார்" என்றாள். பிறகு, "இதெல்லாம் வேண்டாம்டி. திருட்டுத்தனமா கிடைக்கிற அப்பன் எதுக்கு உனக்கு?" என்றாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. ஆனாலும் வாருங்கள்.

ஓட்டுநர்


மார்ச் 6

உனக்கு,

நான் வரவில்லை. கோபப்படும் முன் இதோடு இருக்கும் நகலைப் படி. மூலப் பிரதியை உன் மேலாளருக்கு நேற்றுப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

"மேலாளர் அவர்களுக்கு,

பயிற்றுநர் தேர்வை நடத்தித் தருமாறு அழைத்தமைக்கு நன்றி. தேர்வாளருக்கும் தேர்வுக்கு வருபவருக்கும் உறவு இருக்குமானால், அதை முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவித்துவிட்டு விலகிக்கொள்வது விதி. எனவே தெரிவிக்கிறேன்.

பட்டியலில் இரண்டாவதாக உள்ள ஓட்டுநர் என் மகள். ஒரே மகள். ஆஸ்பத்திரி வழியில் காலை எட்டு மணி வண்டியை ஓட்டுபவர். அவருடைய ஓட்டுதலைப் பற்றி ஜனவரியில் தங்களுக்கு வந்த கடிதம் நான் எழுதியதே. எழுதியபோது அவர் என் மகள் என்பதை அறியேன். ஆகையால் அதில் ஒரு சொல்லையும் குறைத்துக்கொள்ள வேண்டிய அவசியமில்லை. அவரை வளர்த்ததில் எனக்குப் பங்கில்லை. முழுப் பெருமையும் அவர் தாயாரையும் அவரையுமே சேரும்.

மேற்கண்ட உறவின் காரணமாக நான் இத்தேர்வை நடத்தத் தகுதியற்றவன் ஆகிறேன். இத்தகுதியின்மை குறித்து நான் மிகவும் பெருமைப்படுகிறேன். வேறொரு தேர்வாளரின் பெயரையும் முகவரியையும் தனித்தாளில் இணைத்துள்ளேன். கறாரானவர்.

இக்கடிதத்தை ஊழியர்கள் அனைவரும் பார்க்கும் இடத்தில் ஒட்டிவைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒட்டிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இதுதான் நகல். உன் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று எனக்கும்தான் இருந்தது, தொங்கிய சட்டையை எடுத்து மடித்து வைத்துவிட்டேன். ஆனால் உன் அம்மா சொன்னது சரி. நான் அவளுக்கு முழு மதிப்பெண் போடுகிறேன் என்று சொல். வேண்டாம், சொல்லாதே. அடிக்க வருவாள்.

அப்பா


மார்ச் 16

அப்பா,

மேனேஜர் உங்கள் கடிதத்தை ஒட்டவில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார். "மறுபடி சார் பொண்ணா நீ? இத்தனை நாளா வாயைத் திறக்கலையே, அழுத்தக்காரி!" என்று ஒரு நாள் முழுக்க வருகிறவர் போகிறவர் எல்லாம் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். 'தாலாட்டு' போய்விட்டது. இப்போது என் பெயர் 'சின்ன மறுபடி'.

நான் அந்தக் கடிதத்தைச் சுவரில்தான் முதலில் படித்தேன். நீங்கள் அனுப்பிய நகல் மறுநாள்தான் வந்தது. என்னைச் சுற்றி டிரைவர்கள், கண்டக்டர்கள், மெக்கானிக்குகள் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்தேன். முடியவில்லை. அழுதேன். மெக்கானிக் கை துடைக்கிற துணியைக் கொடுத்தார், முகமெல்லாம் கிரீஸ்.

நீங்கள் சொன்ன தேர்வாளர் வந்தார். அந்தப் பெண்மணியையும் நீங்கள் மூன்று தடவை திருப்பி அனுப்பியிருக்கிறீர்களாம்! ஏறி உட்கார்ந்ததும், "அதுக்காக உனக்குச் சலுகையும் கிடையாது, பழியும் வாங்க மாட்டேன்" என்றார். சைகை விளக்கை ஒரு இடத்தில் அணைக்க மறந்துவிட்டேன், மதிப்பெண் குறைத்தார். மற்றபடி மூன்று பேரில் நான்தான் முதலில் வந்தேன். அடுத்த மாதத்திலிருந்து புதியவர்களுக்கு நான் சொல்லித்தருகிறேன்.

இதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். தேர்வன்று டிப்போ வாசலில், வாட்ச்மேன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்களே. அந்த வெள்ளைச் சட்டையில்! நான் வண்டியைக் கழுவி நிறுத்திவிட்டு ஓடி வருவதற்குள் கிளம்பிவிட்டீர்கள். வாட்ச்மேன் என்னைப் பிடித்துக்கொண்டார். "உங்கப்பா என் தலையைத் தின்னுட்டாரும்மா. கேட்டைத் தாண்டிப் போன ஒருத்தரையும் விடலை. காய்கறி வண்டிக்காரரை நிறுத்தி, 'உள்ள தேர்வு நடக்குது, என் பொண்ணு'ன்றார். அந்த ஆள் எவ்வளவு வேணும்னு கேக்குறாரு, இவர் உன் பேரைச் சொல்றாரு!"

அதோடு விடவில்லை. "பள்ளிக்கூடத்துல ஓட்டப்பந்தயமாம். நீ ரெண்டாவதா ஓடிட்டு இருந்தியாம். முன்னாடி ஓடினவ வளைவுல தள்ளாடிட்டா, முந்திப் போயிருக்கலாம், ஆனா நீ முந்தவே இல்லையாம். வாத்தியார் திட்டினதுக்கு, 'வளைவுல முந்தக் கூடாது சார், எங்கப்பா சொல்லியிருக்கார்'னியாம். இதைச் சொல்லிட்டு அப்படிச் சிரிக்கிறார் மனுஷன், கண்ணெல்லாம் தண்ணி."

வாட்ச்மேன் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு அதற்கு மேல் காதில் ஏறவில்லை.

அப்பா, அந்தப் பந்தயம் நாங்கள் அந்த வீட்டை விட்டு வந்து, ஊர் மாறி, வேறு பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகு நடந்தது. நான் சொன்னதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. கேட்டது அந்த வாத்தியார் ஒருவர்தான் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை என்று நான் எழுதினேன். நீங்கள் மறுத்து ஒரு வரி எழுதவில்லை.

சனிக்கிழமை எனக்கு வண்டி இல்லை. அம்மாவும் வருகிறேன் என்கிறாள். "கூப்பிடாத வீட்டுக்கு நான் போறேன் பாரு, சும்மா ரோஷம் பேசிக்கிட்டு" என்று புடவைகூட எடுத்து வைத்துவிட்டாள். வாட்ச்மேனிடம் சொன்னதையெல்லாம் முதலிலிருந்து என்னிடம் சொல்லுங்கள். அன்றைக்கு மைதானத்தில் எந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தீர்கள்? வேலிக்கு வெளியிலா? என்ன சட்டை போட்டிருந்தீர்கள்? நான் ஓடி முடித்து இரண்டாவதாக வந்தபோது நீங்கள் கை தட்டினீர்களா?

உங்கள் மகள்